சேர்வராயன் மலை வரலாறு: அன்னை ஜாவுவேயும் ஏற்காட்டுக் கன்னியர் மடமும்

ஏற்காட்டில் 1894இல் தொடங்கப்பட்ட திரு இருதயப் பெண்கள் பள்ளி, குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியரின் பள்ளி. அந்தச் சபையை உண்டாக்கிய ஆன் மரி ஜாவுவே ஏற்காட்டைப் பார்த்ததில்லை, இந்தியாவுக்கே வந்ததில்லை. பள்ளி தொடங்குவதற்கு 43 ஆண்டுகளுக்கு முன்பே பாரிசில் காலமாகிவிட்டார். ஆயினும் இந்த மலையில் குழந்தைகளின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தால் அவரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. ஆதரவற்ற பிள்ளைக்கு இரக்கத்தோடு அரசாணையும் நிலமும் ஆண்டுதோறும் தவறாமல் வரும் பணமும் வேண்டும் என்பதை அவரைப்போல் விளங்கிக்கொண்டு, அவற்றுக்காக அமைச்சர்களின் வாசலில் சலிக்காமல் காத்துக்கிடந்தவர்கள் அந்தக் காலத்தில் அதிகம் இல்லை.

ஜாவுவே 1779 நவம்பர் 10 அன்று பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஜலாஞ்சு என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை பல்தசார் வசதியுள்ள உழவர். பத்துப் பிள்ளைகளில் இவர் ஐந்தாமவர். வீட்டில் நானெத் என்று கூப்பிட்டார்கள். சிறு வயதிலேயே குடும்பம் பக்கத்து ஊரான ஷாம்பிளானுக்குக் குடிபெயர்ந்தது. அவருக்குப் பத்து வயது நிரம்புவதற்குள் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. சில ஆண்டுகளில் கோவில்கள் மூடப்பட்டன. அரசுக்கு உறுதிமொழி கொடுக்க மறுத்த குருக்கள் தலைமறைவானார்கள். நானெத் அவர்களை ஒளித்துவைத்தார், இரவில் வழிகாட்டினார், இரகசியப் பூசை நடக்கையில் வாசலில் காவல் இருந்தார். பகலில் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி எழுத்தும் மறைக்கல்வியும் சொல்லிக்கொடுத்தார். வயல் வேலையை விட்டுவிட்டு இப்படித் திரிகிறாளே என்று தந்தைக்குக் கோபம். ஆனால் மகள் அசைந்து கொடுக்கவில்லை. 1798 நவம்பர் 11 இரவு, சொந்த வீட்டில் மறைவாக நடந்த பூசையில், ஏழைப் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் தன் வாழ்நாளைக் கொடுப்பதாக அவர் வாக்குக் கொடுத்தார். அப்போது வயது 19.

1800இல் பெசான்சோன் நகரத்து அறச் சகோதரிகளிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். அங்கே ஓர் இரவு, கருப்பும் பழுப்பும் மஞ்சளுமாகப் பல நிறத்துக் குழந்தைகள் தம்மைச் சூழ்ந்து நிற்கக் கண்டதாகவும், இவர்கள் உன் பிள்ளைகள் என்று புனித அவிலா தெரேசா சொன்னதாகவும் அவரே பின்னர் கூறியிருக்கிறார். கடற்கரையே இல்லாத பர்கண்டியின் உழவர் வீட்டுப் பெண், ஐரோப்பியர் அல்லாத குழந்தை ஒன்றை அதுவரை கண்டிருக்க வாய்ப்பில்லை. காட்சியை நம்புவதும் நம்பாததும் வாசகர் விருப்பம். பிறகு நடந்தவற்றைப் பார்த்தால், அதைத் தமக்கு இடப்பட்ட கட்டளையாகவே அவர் எடுத்துக்கொண்டார் என்பது மட்டும் உறுதி.

அடுத்த சில ஆண்டுகள் அலைச்சல். சுவிட்சர்லாந்தில் டிராப்பிஸ்டு மடத்தில் சிறிது காலம் இருந்தார், ஜூரா மலைப்பகுதிச் சிற்றூர்களில் பள்ளி திறந்தார், கையில் காசில்லாமல் மூடினார், மீண்டும் திறந்தார். தங்கைகள் மூவரும் ஒருவர்பின் ஒருவராக அவரோடு சேர்ந்துகொண்டார்கள். 1805இல் திருத்தந்தை ஏழாம் பயஸ் ஷலோன் நகருக்கு வந்தபோது நால்வரும் சென்று ஆசி பெற்றனர். 1806 டிசம்பர் 12 அன்று நெப்போலியனின் ஆணை அவர்களுடைய சங்கத்துக்குச் சட்ட உரிமை தந்தது. 1807 மே 12 அன்று ஷலோனில் ஒன்பது பெண்கள் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். அவர்களில் நான்கு பேர் ஜாவுவே வீட்டுப் பெண்கள். உடைக்கு அவர்கள் எடுத்த நிறம் நீலம். பர்கண்டித் திராட்சைத் தோட்டங்களில் கூலிக்குப் பழம் பறிக்கிறவர்கள் உடுத்தும் நீலம் அது. 1812இல் குளூனி நகரில் பாழடைந்து கிடந்த பழைய துறவியர் மடம் ஒன்று விலைக்கு வந்தது. பணத்தைக் கட்டியவர், ஒருகாலத்தில் மகளைக் கடிந்துகொண்ட அதே பல்தசார். சபைக்குக் குளூனியின் பெயர் ஒட்டிக்கொண்டது அங்கிருந்துதான்.

பாரிசுக்குப் போன சென்னை முறை

1815இல் ஜாவுவே பாரிசில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி திறந்தார். சபையின் போக்கையே மாற்றியது அந்தப் பள்ளி. அங்கே அவர் கையாண்ட கற்பிப்பு முறையின் வேர் தமிழ்நாட்டில் இருப்பதால் அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்காக ஓர் அனாதை இல்லம் தொடங்கியது. பெரும்பாலும் ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்து, தந்தை இறந்தோ கைவிட்டோ போன பிள்ளைகள். அதன் மேற்பார்வையாளராக ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அமர்ந்தார். சம்பளத்துக்கு இருந்த ஆசிரியர்கள் அவர் சொல்லும் புதுமை எதற்கும் மசியவில்லை. ஒருநாள் அவர் தெருவோடு போகையில் ஒரு தமிழ்த் திண்ணைப் பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். பெல் அதைத் தம் இல்லத்துக்குக் கொண்டுபோனார். ஆசிரியர் முடியாதென்று கைவிரித்த அரிச்சுவடி வகுப்பை, எட்டு வயதுச் சிறுவன் ஜான் பிரிஸ்கனிடம் ஒப்படைத்தார். அவன் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தான், அவர்களும் கற்றுக்கொண்டார்கள். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை காலங்காலமாகச் செய்துவந்த வேலைதான். பெல் 1796இல் ஊர் திரும்பி, அடுத்த ஆண்டு இதைப் புத்தகமாக்கினார். இங்கிலாந்தில் அது சென்னை முறை என்றே பெயர் பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் ஏறத்தாழ அதே காலத்தில் இலண்டனில் இதையொத்த முறையைப் பரப்பினார். நெப்போலியன் வீழ்ந்ததும் அது பிரான்சுக்குள் நுழைந்தது.

பிரெஞ்சுக் குருக்கள் பலர் இதை வெறுத்தார்கள். புராட்டஸ்டண்டுகள் கொண்டுவந்தது, பிள்ளைக்குப் பிள்ளையே ஆசான் என்றால் ஒழுங்கு கெடும் என்பது அவர்கள் வாதம். ஜாவுவேக்கு அந்தச் சண்டையில் நாட்டமில்லை. கையிலிருப்பதோ விரல்விட்டு எண்ணக்கூடிய கன்னியர். வாசலில் நிற்பதோ நூற்றுக்கணக்கான பிள்ளைகள். ஒருவரைக்கொண்டு நூறு பேருக்குக் கற்பிக்க வழியிருந்தால் அதை எங்கிருந்து எடுத்தால் என்ன? பாரிஸ் பள்ளியில் அம்முறையைப் பழக்கினார். பார்க்க வந்த அதிகாரிகள் வியந்தார்கள். அவர்களுள் இந்தியப் பெருங்கடலில் உள்ள பூர்போன் தீவின், அதாவது இன்றைய ரெயூனியனின், நிருவாகியான தெபசான் தெ ரிஷ்மோனும் ஒருவர். தம் தீவுக்குக் கன்னியர் வேண்டும் என்று கேட்டார். 1817இல் முதல் குழு கப்பலேறியது. எழும்பூர் அனாதை இல்லத்தில் தேறிய முறை, பாரிஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு மீண்டும் இந்தியப் பெருங்கடலுக்கே வந்து சேர்ந்தது.

ஆப்பிரிக்காவும் மானாவும்

பூர்போனுக்குப் பின் செனகல். தங்கை ரோசலி 1819இல் அங்கே போனார். 1822இல் ஜாவுவே தாமே போனார். செயிண்ட் லூயி மருத்துவமனையின் அழுக்கையும் ஒழுங்கின்மையையும் சீர்செய்தார். ஆங்கில ஆளுநர் மெக்கார்த்தி அழைத்ததன் பேரில் காம்பியாவுக்கும் சியரா லியோனுக்கும் சென்று மருத்துவமனைகளில் வேலை செய்து, அங்கே பரவிய மஞ்சள் காய்ச்சலில் தாமும் விழுந்து பிழைத்தார். 1824இல் பிரான்சுக்குத் திரும்பினார்.

ஆப்பிரிக்கப் பிள்ளைகளைப் பிரான்சுக்கு வரவழைத்துப் படிக்கவைத்து ஆசிரியராகவும் குருவாகவும் ஊருக்குத் திருப்பி அனுப்புவது அவருடைய பெரிய கனவு. அதில் பாதி துயரத்தில் முடிந்தது. குளிரும் காசமும் பலரைக் கொன்றன. எஞ்சியவர்களில் தாவீது புவாலா, அர்சேன் பிரிதுவால், ழான் பியர் மூசா ஆகிய மூவர் 1840இல் குருப்பட்டம் பெற்றுச் செனகல் திரும்பினர். புவாலா பின்னாளில் தம் நாட்டு மக்களைப் பற்றி எழுதிய நூல் 1853இல் வெளிவந்து இன்றளவும் ஆய்வாளர்களால் எடுத்தாளப்படுகிறது. ஆனால் மூவர் தேறியதைச் சொல்லும்போது தேறாதவர்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பிறந்த மண்ணிலிருந்து பெயர்த்து அயல்நாட்டில் வளர்க்கும் ஏற்பாடுகளுக்கு இதுவே ஒரு முன்னெச்சரிக்கை. பிற்காலத்தவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

தென்னமெரிக்காவின் வடகரையில் உள்ள பிரெஞ்சுக் கயானாவில் மானா என்ற ஆற்றங்கரை இடம். அங்கே குடியேற்றம் அமைக்க அரசு எடுத்த முயற்சிகள் தோற்றிருந்தன. 1828இல் அந்த வேலை ஜாவுவேயிடம் வந்தது. கன்னியரும் உழவரும் கைவினைஞருமாக ஒரு குழுவோடு போய்க் காடழித்து நிலம் திருத்தினார். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பிரெஞ்சுக் குடியேறிகள் பலர் கிளம்பிவிட்டார்கள். குடியேற்றம் என்ற அளவில் அதை வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆண்டுகளில் வேறொன்று நடந்தது. கடற்கரைக்கு அப்பால் தீவில் தள்ளப்பட்டிருந்த தொழுநோயாளிகளை மானாவுக்கு அருகே அக்கருவானிக்குக் கொண்டுவந்து குடியமர்த்தினார். தோட்டங்களிலிருந்து தப்பியோடி வந்த அடிமைகள் சிலரைச் சவுக்கடியிலிருந்து காக்க விலைகொடுத்தும் வாங்கினார். அடிமை முறையை எதிர்த்தவர் அடிமைகளை வாங்கினாரா என்று இன்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. சட்டம் ஒருவரைச் சரக்காக வைத்திருக்கும்போது, அவரை உடனே காப்பாற்ற வேறு வழி இருக்கவில்லை என்பதே பதில்.

1831 மார்ச் மாதச் சட்டத்தின்படி, திருட்டுத்தனமாக அடிமைகளை ஏற்றிவரும் கப்பல்களில் பிடிபடும் ஆப்பிரிக்கர்கள் விடுதலைக்கு உரியவர்கள். ஆனால் அரசு அவர்களை ஏழாண்டு வரை ஒப்பந்த வேலையில் வைத்துக்கொள்ளலாம் என்றும் அதே சட்டம் சொன்னது. கயானாத் தலைநகர் கயேனில் இப்படிப் பிடிபட்டோர் சுமார் 500 பேர். ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தால் என்ன செய்வார்கள் என்று தோட்ட முதலாளிகள் பயந்தார்கள். அரசு இவர்களை ஜாவுவேயிடம் ஒப்படைத்து 1835 செப்டம்பரில் ஆணை பிறப்பித்தது. புறப்படுமுன் அவர் பெரிய அரசியல்வாதிகளைப் போய்ப் பார்த்தார்; கவிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான லமார்த்தீன் துணை நின்றார்.

மானாவில் அவர் படையினரையும் சவுக்கையும் உள்ளே விடவில்லை. குடும்பம் குடும்பமாக வாழ வகை செய்தார். திருமணம் முடித்தவர்களுக்குக் குடிசையும் தோட்டநிலமும் கொடுத்தார். பிள்ளைகளுக்குப் பள்ளி, பெரியவர்களுக்குத் தொழில். அடிமைச் சந்தையில் தாய் ஓரிடம் பிள்ளை ஓரிடம் என்று பிரிக்கப்பட்டவர்களுக்குத் தாயும் பிள்ளையும் ஒரே கூரையின்கீழ் இருப்பதே பெரிய மாற்றம். 1838 மே 21 அன்று முதல் தொகுதியினர் விடுதலைச் சான்று பெற்றனர். கயேன் முதலாளிகளுக்கு இது பொறுக்கவில்லை. ஆற்றைக் கடக்கும்போது படகைக் கவிழ்த்து அவரை மூழ்கடிக்கப் படகோட்டிக்குக் காசு கொடுத்தார்கள் என்றும், அது தெரிந்தும் அவர் அதே படகில் ஏறி உட்கார்ந்தார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அடிமைப் பெற்றோரின் பிள்ளைகளை அரசே பணம் கொடுத்து மீட்டுத் தம்மிடம் வளர்க்கத் தரவேண்டும் என்றொரு திட்டத்தையும் அவர் முன்வைத்தார். அரசு அதை ஏற்கவில்லை.

கண்டிப்பான தாய் நடத்தும் வீட்டைப்போலத்தான் மானா இருந்தது. எல்லாம் அவர் சொற்படி. வளர்ந்த மனிதர்களையும் பிள்ளைகளாகவே பார்க்கும் அந்தக் காலத்து ஐரோப்பியர் மனப்போக்கு அவரிடமும் இருந்தது. வரலாற்றாசிரியர்கள் அதைச் சுட்டிக்காட்டுவது சரியே. அவர் பகைத்துக்கொண்டவர்களில் திருச்சபையாரும் உண்டு. ஓதான் ஆயர் தெ எரிகூர், சபையின் தலைமைப் பொறுப்பு தமக்கே வரவேண்டும் என்று வாதிட்டார். ஜாவுவே மறுத்தார். அதன் விளைவாகக் கயானாவில் அவருக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நற்கருணை மறுக்கப்பட்டது. ஒரு கன்னிக்கு அதைவிடக் கடிய தண்டனை கிடையாது. 1843இல் அவர் பிரான்ஸ் திரும்பும்வரை அது நீடித்தது. சபையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

1848 பிப்ரவரியில் பாரிசில் புரட்சி. லமார்த்தீன் இடம்பெற்ற இடைக்கால அரசு ஏப்ரல் 27 அன்று பிரெஞ்சுக் குடியேற்றங்கள் அனைத்திலும் அடிமை முறையை ஒழித்தது. கயானாவில் வாக்குரிமை பெற்ற கருப்பின மக்கள் நாடாளுமன்றத்துக்குத் தங்கள் பிரதிநிதியாக ஜாவுவேயையே அனுப்ப விரும்பினார்கள். பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை என்று சொல்லி அவர்களைத் தடுக்கவேண்டியிருந்தது. ஜாவுவே ஓர் ஆண்மகன் என்று மன்னர் லூயி பிலிப் முன்பு பாராட்டியதாக ஒரு பேச்சு உண்டு. அந்தக் காலத்தில் அதுவே உச்சப் புகழ்ச்சியாம்! 1851 ஜூலை 15 அன்று ஜாவுவே மறைந்தார். தங்கை ரோசலி அடுத்த தலைவியானார். 1950 அக்டோபர் 15 அன்று பன்னிரண்டாம் பயஸ் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டத்தை வழங்கினார். அவருடைய திருநாள் ஜூலை 15.

புதுச்சேரி வழியாக மலைக்கு

பூர்போனில் கன்னியரை வரவேற்ற ரிஷ்மோன் குடும்பத்தின் ஒருவர், எழேன் தெபசான் தெ ரிஷ்மோன், 1826இல் புதுச்சேரி ஆளுநராக வந்தார். அந்த ஆண்டே ஆண் பிள்ளைகளுக்கு அரசுக் கல்லூரியைத் தொடங்கினார். அதுவே இன்றைய பிரெஞ்சு லிசே. பெண் பிள்ளைகளுக்காக 1827இல் குளூனிக் கன்னியர் வந்து இறங்கினார்கள். ஐரோப்பிய, கிரெயோல் (கலப்பின) வீட்டுப் பெண்களுக்கான பள்ளியோடு தொடங்கிய வேலை மெல்ல மெல்ல விரிந்தது. இன்றைய ரொமேன் ரோலன் தெருவில், பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகை ஒன்றில், ஆதரவற்ற பெண்களுக்குக் கன்னியர் சொல்லிக்கொடுத்த பூவேலைத் தையல் இன்றும் நடக்கிறது. துணியில் நூலெண்ணி ஊசி போடும் அந்த மேசைகளில் உட்கார்ந்து சம்பாதித்த பணத்தில் பிள்ளைகளை வளர்த்த தாய்மார் பல தலைமுறையினர்.

தமிழ்ப் பெண் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு புதுச்சேரியில் வேறொரு வழியில் தொடங்கியது. 1844இல் துய்ப்பி என்ற பிரெஞ்சுக் குரு, தமிழ்ப் பெண்களையே கன்னியராகக் கொண்டு மரியாயின் மாசற்ற இருதய சபையை நிறுவினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம். வெவ்வேறு சாதிப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைக்கக் கூடாது என்ற எதிர்ப்பு வேறு. குளூனிக் கன்னியரைப் பற்றி எழுதுவோர் இந்தத் தமிழ்க் கன்னியரை ஒரு வரியில் கடந்துபோவது வழக்கம். அது முறையன்று. உள்ளூர்ப் பிள்ளையின் மொழியும் சாதிக் கட்டும் தெரிந்து உள்ளே புகுந்தவர்கள் அவர்கள்தாம்.

இனி மலை. சேலம் மாவட்ட ஆட்சியராக 1820களில் இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பியையும் ஐரோப்பியப் பழமரங்களையும் கொண்டுவந்த கதை பலருக்கும் தெரியும். 1860களின் தொடக்கத்தில் சேலத்துக்கு இரயில் வந்தபின் மலையேறுவோர் பெருகினர். அடிவாரத்திலிருந்து குதிரையிலும் டோலியிலும் நடந்தும்தான் ஏற வேண்டியிருந்தது. மலையில் குடியேறிய தோட்டக்காரர்களுக்குப் பிள்ளைகளின் படிப்பு ஒரு தீராத கவலை. சமவெளி வெயிலும் காய்ச்சலும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஆகாது, மலைக்காற்றே மருந்து என்று அக்காலத்தவர் நம்பினர். நீலகிரியில் லவ்டேல் லாரன்ஸ் இல்லம் 1858இல் தோன்றியது இந்த எண்ணத்தால்தான். எழும்பூரில் பெல் நடத்திய அனாதை இல்லமும் 1870களில் அதோடு சேர்ந்துவிட்டது. மலைப்பள்ளி என்றதும் இன்று செல்வர் வீட்டுப் பிள்ளைகளே நினைவுக்கு வருகிறார்கள்; தென்னிந்தியாவில் அதன் மூதாதை ஓர் அனாதை இல்லம்.

ஏற்காட்டுக் கன்னியர் மடமும் பள்ளியும் 1894இல் இந்தச் சூழலில் எழுந்தன. காப்பி இலைநோயும் பிரேசில் போட்டியும் தோட்டக்காரர்களை வாட்டிக்கொண்டிருந்த நேரம் அது. விடுதியோடு கூடிய பெண்கள் பள்ளி வந்ததும் ஏற்காடு கல்வி ஊராக மாறத் தொடங்கியது. 1917இல் புனித கபிரியேல் சகோதரர்கள் ஆண் பிள்ளைகளுக்கு மான்போர்ட் பள்ளியைத் தொடங்கினர். 1930இல் சேலம் தனி மறைமாவட்டமாயிற்று. விடுதலைக்குப் பின் வெள்ளைக்காரர் குறைய, சென்னை, பெங்களூரு, கோவை வணிகர் வீட்டுப் பெண்களும் அதிகாரிகள் வீட்டுப் பெண்களும் அந்த இடங்களை நிரப்பினர்.

ஜாவுவேயின் பார்வையில் வைத்துப் பார்த்தால், மலையில் ஆதரவு தேவைப்பட்ட பிள்ளைகள் வேறு இரு கூட்டத்தார். ஒரு கூட்டம், மலையாளி எனப்படும் மலைப் பழங்குடியினரின் பிள்ளைகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பியரின் வழியினர் என்று தங்கள் மரபைச் சொல்லும் இம்மக்கள், சாமையும் கேழ்வரகும் விதைத்து, உச்சியில் சேர்வராயனைக் கும்பிட்டு வாழ்ந்தவர்கள். காடுகள் அரசின் ஒதுக்குக் காடுகளானதும் காப்பித் தோட்டங்கள் பரந்ததும் அவர்கள் கொத்திப் பயிரிட்ட நிலத்தைக் குறுக்கின. மற்றக் கூட்டம், மேஸ்திரிகள் சமவெளியிலிருந்து முன்பணம் கொடுத்து அழைத்துவந்த கூலிக் குடும்பங்களின் பிள்ளைகள். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் தாய் விடியலில் தோட்டத்துக்குப் போய்விடுவாள். கைக்குழந்தை செடி நிழலில் கட்டிய சேலைத் தூளியில் கிடக்கும். அதைவிடச் சற்றுப் பெரிய அக்கா ஆட்டிக்கொண்டிருப்பாள். அந்த அக்காவுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

இந்த இரண்டாம் கூட்டத்துக்கு வழி பிறந்தது மடத்தாலன்று, சட்டத்தால். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருந்தாக வேண்டும் என்றது. 6 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் அவர்கள் படிக்க முதலாளி ஏற்பாடு செய்ய மாநில அரசு விதி வகுக்கலாம் என்றும் அது சொன்னது. 12 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஆனால் சட்டம் 25 ஏக்கருக்குக் குறைந்த தோட்டங்களையும் 30 தொழிலாளருக்குக் குறைந்த தோட்டங்களையும் முதலில் தொடவில்லை. சிறு காப்பித் தோட்டங்கள் நிறைந்த மலைக்கு அது பெரிய ஓட்டை. பின்னாளில் வந்த திருத்தங்கள் 5 ஹெக்டேர், 15 தொழிலாளர் என்று வரம்பை இறக்கின. அதற்கும் கீழான தோட்டத்தில் சேலைத் தூளி தொடர்ந்தது. மலையாளிப் பிள்ளைகளுக்கு அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் வந்தன. சோறும் இடமும் சேர்த்துக் கொடுத்ததாலேயே தொலைவான ஊர்களின் பிள்ளைகள் வகுப்பில் நிலைத்தார்கள்.

சேலம் மாவட்டத்துக்கு இன்னொரு வடுவும் உண்டு. பிறந்த பெண் சிசுவைக் கொல்லும் கொடுமை 1980களின் இறுதியில் இங்கும் மதுரைப் பக்கத்திலும் வெளிச்சத்துக்கு வந்தது. வளர்க்க முடியாத பெண் குழந்தையைத் தாய் யாருக்கும் பெயர் சொல்லாமல் அரசிடம் விட்டுச்செல்லலாம் என்று முதலமைச்சர் ஜெயலலிதா 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தார். முதலில் அது தொடங்கியது சேலத்தில். ஏறத்தாழ இதே ஏற்பாட்டை நெப்போலியன் 1811 ஜனவரியில் பிரான்ஸ் முழுமைக்கும் ஆணையிட்டிருந்தார். மருத்துவ இல்லங்களின் சுவரில் சுழலும் பெட்டி. வெளியிலிருந்து குழந்தையை வைத்து மணியடித்தால் உள்ளே இருப்பவர் திருப்பி எடுத்துக்கொள்வர், வைத்தவர் முகம் தெரியாது. ஜாவுவே குளூனி மடத்தை வாங்குவதற்கு முந்தைய ஆண்டு அது. அந்தப் பெட்டிகள் குழந்தையைக் கைவிடுவதற்கு ஊக்கம் தருகின்றன என்று பிரான்சில் எழுந்த கண்டனம், சேலத்துத் தொட்டில்களைப் பற்றியும் எழுந்தது. பெண்ணை வேண்டாமென்று சொல்லும் வீட்டாரைத் திருத்தாமல் தொட்டில் வைப்பதா என்று மகளிர் அமைப்புகள் கேட்டன. அரசோ உயிர் தப்பினால் போதும் என்றது. 2001இல் திட்டம் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி முதலிய மாவட்டங்களுக்கும் விரிந்தது. தொட்டிலில் கிடைத்த குழந்தைகள் உரிமம் பெற்ற தத்து நிறுவனங்கள் வழியாக வேறு வீடுகளுக்குப் போனார்கள். சிலரை மனம் மாறிய தாய்மாரே திரும்பி வந்து வாங்கிக்கொண்டனர்.